லண்டனில் ஒரு கோடை வகுப்பு: கலை, வடிவமைப்பு மாணவர்களுக்கு

ஓவியமோ வரைகலையோ துணி வடிவமைப்போ படிக்கும் மாணவர் ஒருவர் கோடையில் இரண்டு மூன்று வாரம் லண்டன் போய், ஒரு குறுகிய வகுப்பில் சேர்ந்து, உருப்படியாக எதையாவது கற்றுத் திரும்ப என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. லண்டனைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அங்குள்ள பெரிய தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பென்சிலோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் வரையலாம். மொழியும் நமக்கு ஓரளவு பழகிய மொழி.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பணம் பெரும்பாலும் வகுப்புக்குத்தான் போகும். ஆனால் பயணத்தின் பாதிப் பயன் வகுப்பு முடிந்த பிறகு கிடைக்கும் மாலைகளிலும் சனி, ஞாயிறுகளிலும் இருக்கிறது. அந்த நேரத்தைத் திட்டமிடாமல் போகும் மாணவர் சான்றிதழோடும் செல்பிகளோடும் திரும்புவார். திட்டமிட்டுப் போகிறவர் நிறைந்த ஸ்கெட்ச்புக்கோடு வருவார்.

நாள்காட்டியைப் பார்த்து ஆரம்பியுங்கள்

நம் ஊர்க் கோடை வேறு, இங்கிலாந்துக் கோடை வேறு. தமிழ்நாட்டில் விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூனில் முடிந்துவிடும். லண்டனில் கோடை வகுப்புகள் சூடுபிடிப்பதே ஜூலை, ஆகஸ்டில். அப்போது இங்கே புதிய பருவம் தொடங்கியிருக்கும். அதனால் முதல் வேலை, கல்லூரியின் தேர்வு அட்டவணையையும் லண்டன் வகுப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஜூனில் நடக்கும் வகுப்பு ஏதாவது பொருந்துகிறதா என்று தேடுங்கள். ஜூலைதான் வழி என்றால், துறைத் தலைவரிடம் இப்போதே பேசி எழுத்து மூலம் விடுப்பு அனுமதி வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதம் விசாவுக்கும் உதவும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

1. உங்களுக்கு வராத ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். "மனித உருவத்தின் விகிதம் பிடிபடவில்லை", "எழுத்துருக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது", "பூ வரைய வருகிறது, அதைத் துணி முழுக்க அடுக்க வரவில்லை" என்பதுபோல. "கலை கற்க வேண்டும்" என்று எழுதினால் எந்த வகுப்பும் பொருந்துவதுபோலத்தான் தோன்றும்.

2. அந்த வரிக்குப் பதில் சொல்லும் வகுப்பைத் தேடுங்கள். கிங்ஸ் கிராஸ் பகுதியில் இருக்கும் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ், வடிவமைப்பும் ஃபேஷனும் தேடுகிறவர்களுக்குப் பெயர்பெற்ற இடம். அது லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு. வரைவதையே மையமாகக் கொண்ட பயிற்சி வேண்டுமென்றால் 2000-இல் தொடங்கப்பட்ட ராயல் டிராயிங் ஸ்கூலைப் பாருங்கள்.

3. ஒரு நாளில் எத்தனை மணி நேரம், ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், பொருள்கள் கட்டணத்தில் அடங்குமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

4. வயது வரம்பைப் பாருங்கள். பல வகுப்புகள் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். பதின்பருவத்தினருக்குத் தனி வகுப்புகள் இருக்கும்.

5. விசா கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்புமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

குறிப்பு: இத்தகைய குறுகிய வகுப்புகள் பெரும்பாலும் முடித்ததற்கான சான்றிதழ் மட்டுமே தரும். உங்கள் பட்டப்படிப்புக்குச் சேரும் மதிப்பெண் தராது. புகழ்பெற்ற பெயருக்காக மட்டும் வீட்டில் கடன் வாங்க வைக்காதீர்கள். பெயர் சிறிதாக இருந்தாலும் 10 பேர் மட்டுமே இருக்கும் வகுப்பில் ஆசிரியர் உங்கள் தாளைப் பார்க்கும் நேரம் அதிகம்.

விசா

ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்பை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே படிக்கலாம். தனி மாணவர் விசா தேவையில்லை. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்தபின் முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று அரசு இணையதளத்தில் பாருங்கள்.

1. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம்மில் பலருக்கு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல்தான் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். வகுப்பில் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். சேர்க்கைக் கடிதம், விமானச் சீட்டு, காப்பீடு எல்லாவற்றிலும் அதே பெயர் இருக்க வேண்டும்.

2. வகுப்பின் பெயர், தேதிகள், கட்டணம் செலுத்திய விவரம் உள்ள சேர்க்கைக் கடிதத்தை வாங்குங்கள்.

3. பிரிட்டிஷ் அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பத்தை நிரப்புங்கள். பயண நோக்கம் என்ற இடத்தில் குறுகிய காலப் படிப்பு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

4. கல்லூரி முதல்வரின் கடிதம், பெற்றோரின் வருமானச் சான்று, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், தங்குமிட விவரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தமிழில் உள்ள ஆவணங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் கட்டாயம்.

5. நேரம் குறித்து, சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுங்கள்.

6. விசா கைக்கு வந்த பிறகே, பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்குங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. விண்ணப்பிக்கும் வாரத்தில் உறவினரிடம் வாங்கிய பெருந்தொகையைக் கணக்கில் போடுவது ஒன்று. அதிகாரிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் எழும். யார் செலவை ஏற்கிறார்களோ அவர்கள் கையெழுத்திட்ட கடிதத்தோடு, பழைய கணக்கை அப்படியே காட்டுவதே நல்லது. மற்றொன்று, ஏஜென்ட் நிரப்பிய படிவத்தைப் படிக்காமல் அனுப்புவது. ஒவ்வொரு பதிலுக்கும் பொறுப்பு உங்களுடையது. ஒரு வரி விடாமல் வாசித்தபின் அனுப்புங்கள்.

இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. தெருவில் படம் வரைந்து விற்பதும் வேலைதான்.

புறப்படும் முன் ஒரு மாதப் பயிற்சி

அருங்காட்சியகத்தில் நின்று வரைவது தனிப் பழக்கம். வெளிச்சம் உங்கள் விருப்பப்படி இருக்காது, ஆட்கள் குறுக்கே போவார்கள், கால் வலிக்கும். லண்டனில் போய் இதைப் பழகினால் முதல் வாரம் வீணாகும். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் போங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகலாம்.

எழும்பூரில் நான் குறிப்பாகச் சொல்வது அமராவதி சிற்பங்களை. அதே தூபியின் வேறு பலகைகள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் 33ஏ அறையில் இருக்கின்றன. 1845-இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை, 1859-இல் கப்பலேறி லண்டன் போனவை. ஒரே சிற்பக் குடும்பத்தை இரண்டு ஊரில், இரண்டு வெளிச்சத்தில் வரைந்து பார்க்கும் வாய்ப்பு நம் மாணவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது. இதை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி இப்படி இருக்கட்டும்: வாரம் இருமுறை, ஒரு தடவைக்கு ஒரே சிற்பம், நின்றபடி அரை மணி, பிறகு உட்கார்ந்து ஒரு மணி. அழிப்பானை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வரைய அனுமதி உண்டா என்று வாயிலில் கேட்டுக்கொள்வது மரியாதை.

பெட்டியில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது

கனமான பொருள்களை இங்கிருந்து சுமக்காதீர்கள். தாளும் வண்ணமும் லண்டனில் தாராளமாகக் கிடைக்கும். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அருகே கிரேட் ரஸல் தெருவில் இருக்கும் கார்னெலிஸன் கடை 1855 முதல் ஓவியர்களுக்குப் பொருள் விற்கிறது. வாங்காவிட்டாலும் நிறப்பொடிகள் நிறைந்த அந்த ஜாடி வரிசையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொண்டுபோக: கையடக்க ஸ்கெட்ச்புக் இரண்டு, ஏ4 அளவில் கெட்டி அட்டை போட்டது ஒன்று, எச்பி முதல் 6பி வரை பென்சில்கள், மூடியுள்ள ஷார்ப்னர், கிளிப் வைத்த பலகை, சிறிய வாட்டர்கலர் பெட்டி, பழகிய செருப்பு அல்லது ஷூ, மடக்குக் குடை.

விமானத்தில் டர்பன்டைன், தின்னர், ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே எதையும் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. இவை தீப்பற்றும் பொருள்கள். கட்டர், பேப்பர் கத்தி போன்றவை செக்-இன் பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். எண்ணெய் வண்ணக் குழாய்களையும் தவிர்த்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அதிகாரியோடு வாதிட நேரம் இருக்காது.

எங்கே வரைவது

ஊர் முழுக்க அருங்காட்சியகங்கள். நான்கு இடங்களை மட்டும் சொல்கிறேன். இவற்றையே மூன்று வாரத்தில் முடிக்க முடியாது.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். சுருக்கமாக வி அண்ட் ஏ. 1851-இன் மாபெரும் பொருட்காட்சிக்குப் பிறகு, 1852-இல், கைவினைஞர்களும் மாணவர்களும் நல்ல பொருள்களைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கப்பட்டது. வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். வகுப்பு முடித்துவிட்டு நேராகப் போகலாம். முதலில் வார்ப்புக் கூடங்களுக்குப் போங்கள். 1873-இல் திறந்த இந்தக் கூடங்களில் ஐரோப்பாவின் பெரிய சிற்பங்களின் சாந்து வார்ப்புகள் நிற்கின்றன. ரோமின் டிராஜன் தூண், கூரைக்குள் அடங்காததால் இரண்டு துண்டாக நிற்கிறது. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையும் முழு உயரத்தில் இருக்கிறது. டோன் பயில இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைச் சாந்தில் நிறக் குழப்பம் இல்லை, ஒளி மேலிருந்து வருகிறது, நிழல் எங்கே திரும்புகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். 2025 மே 31 அன்று கிழக்கு லண்டனில், ஒலிம்பிக் பூங்காவில் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் கிடங்கையே மக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வடிவமைப்பு மாணவர்களுக்கு இது பெரும் பரிசு. நீங்கள் பார்க்க விரும்பும் பொருள்களை, ஒரு தடவைக்கு ஐந்து வரை, முன்பே பதிந்தால் மேசைமேல் எடுத்து வைத்துக் காட்டுவார்கள். கட்டணம் இல்லை. செய்ய வேண்டியது:

1. இணையத்தில் வி அண்ட் ஏ சேகரிப்புப் பட்டியலைத் திறந்து தேடுங்கள். துணி படிக்கிறவர்கள் சோழமண்டலக் கரையில் செய்து ஐரோப்பாவுக்குப் போன சீட்டித் துணிகளைத் தேடலாம். 18-ஆம் நூற்றாண்டின் கைவரைவு வேலை, சாய வேலை எல்லாம் அங்கே இருக்கின்றன.
2. பொருள் இப்போது ஸ்டோர்ஹவுஸில் இருக்கிறதா என்பதைப் பதிவில் சரிபாருங்கள்.
3. குறைந்தது இரண்டு வாரம் முன்பே நேரம் பதியுங்கள். அதாவது, விமானம் ஏறுவதற்கு முன்பே. லண்டன் போய் இறங்கியபின் நினைவு வந்தால் பல சமயம் வாய்ப்பு கைநழுவிவிடும்.
4. போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: கோடு எதனால் போடப்பட்டது? வடிவம் எங்கே திரும்ப வருகிறது? ஓரம் எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது?

பிரிட்டிஷ் மியூசியம். அமராவதி அறையைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் 33-ஆம் அறையில் தென்னிந்தியச் சிற்பங்கள் உண்டு. இங்கே பலரும் அறியாத இன்னொரு இடம், அச்சுப் படங்களுக்கும் கோட்டோவியங்களுக்குமான வாசிப்பு அறை. முன்பதிவு செய்து அடையாளச் சான்றோடு போனால், பழைய ஓவியர்களின் அசல் கோட்டோவியங்களைக் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் பார்க்கலாம். பென்சில் மட்டும் அனுமதி. கை சுத்தமாக இருக்க வேண்டும்.

நேஷனல் கேலரி. வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை. இங்கே ஓவியத்தை அப்படியே நகலெடுக்க முயலாதீர்கள். ஓர் அஞ்சலட்டை அளவில் ஐந்து டோன் மட்டும் வைத்துக்கொண்டு படத்தின் அமைப்பைப் பிடியுங்கள். பியரோ தெல்லா பிரான்செஸ்காவின் ‘கிறிஸ்துவின் திருமுழுக்கு’ இதற்கு ஏற்ற படம். மரமும் மனிதனும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது பென்சில் ஓடும்போதுதான் புரியும்.

எழுத்துரு, வரைகலை படிக்கிறவர்களுக்குச் சுரங்க ரயில் நிலையமே பாடசாலை. எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916-இல் அமைத்த எழுத்துருவின் வழிவந்த எழுத்துகள்தான் இன்றும் பெயர்ப்பலகைகளில் இருக்கின்றன. ஹாரி பெக்கின் சுரங்க ரயில் வரைபடம் 1933-இல் வெளியானது. தூரத்தை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் காட்டும் அந்த முறையைப் புரிந்துகொள்ள, இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒருமுறை நடந்தே போய்ப் பாருங்கள்.

ஒரு மாலையை எப்படிச் செலவிடுவது

1. முதல் 20 நிமிடம் புத்தகத்தைத் திறக்காமல் ஒரே கூடத்தைச் சுற்றுங்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்.
2. மூன்று கோணங்களில் தீப்பெட்டி அளவில் சிறு வரைவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிமிடம்.
3. சிறந்த கோணத்தில் ஒரு மணி நேரம், ஒரே படம். இதுதான் மாலையின் முக்கிய வேலை. 40-ஆவது நிமிடத்தில் எழுந்து போகத் தோன்றும். போகாதீர்கள். முதல் அரை மணியில் நீங்கள் வரைவது ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்ததை. அதன் பிறகுதான் எதிரே இருப்பதைப் பார்க்கத் தொடங்குவீர்கள்.
4. ஒரு நுணுக்கத்தை மட்டும் பெரிதாக வரையுங்கள்: மூட்டு, மடிப்பு, கைப்பிடி.
5. பக்கத்தில் அறை எண், பொருளின் பதிவு எண், பொருளின் மூலப்பொருள், ஒளி வந்த திசை, தேதி ஐந்தையும் எழுதுங்கள். பதிவு எண் இருந்தால் ஊர் திரும்பிய பிறகும் இணையத்தில் அந்தப் பொருளைத் தேடி எடுக்கலாம்.
6. புகைப்படம் கடைசியில்.

செல்போனில் முதலில் படமெடுத்துவிட்டால் கண் சோம்பிவிடும். பலர் செய்யும் தவறு இது. ஒரே நாளில் 20 அறை ஓடுவது அடுத்த தவறு.

அனுமதி விஷயம்: காட்சிக்கூடங்களில் பென்சிலுக்குப் பொதுவாகத் தடையில்லை. மை, வண்ணம், கரி, ஈசல் ஆகியவற்றை எடுக்கும் முன் காவலரிடம் கேளுங்கள். கட்டணம் வாங்கும் சிறப்புக் கண்காட்சிகளில் வரையவே தடை இருக்கலாம். வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள். நடைவழியில் உட்கார வேண்டாம். சில இடங்களில் மடக்கு நாற்காலி தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

உருவ வரைவு வகுப்பு பற்றி

லண்டன் கலைப்பள்ளிகளில் உடையற்ற மாதிரியைப் பார்த்து வரைவது வழக்கமான பாடம். முதல் நாள் திகைத்து நிற்காமல் இருக்க, பாடத்திட்டத்தில் அது இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். வகுப்பில் செல்போனைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. மாதிரியைப் படமெடுப்பது பெரிய குற்றமாகக் கருதப்படும். மாதிரியாக நிற்பது கடினமான தொழில். இடைவேளையில் நன்றி சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லலாம், மாற்றுப் பயிற்சி கேட்கலாம்.

பாதுகாப்பு

செல்போன் பறிப்பு லண்டனில் அன்றாடத் தொல்லை. சைக்கிளிலும் மோட்டார் பைக்கிலும் வந்து கையிலிருந்து பிடுங்கிப் போவார்கள். சாலையோரம் நின்று வழி பார்க்காதீர்கள். கடைக்குள்ளோ சுவரோரமோ ஒதுங்கிப் பாருங்கள். தெருவில் உட்கார்ந்து வரையும்போது பையின் வாரை நாற்காலிக் காலிலோ உங்கள் காலிலோ மாட்டி வையுங்கள்.

தங்குமிடம்: கோடையில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. மாணவருக்கு இதுவே நல்லது. சமூக வலைத்தளத்தில் மலிவாக அறை இருக்கிறது, முன்பணம் அனுப்பு என்று யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

பணம்: லண்டன் பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை. ஆய்ஸ்டர் அட்டையோ தொடு அட்டையோ வேண்டும். நம் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி ஊரிலேயே திறந்துவிட்டுப் போங்கள். சுரங்க ரயிலைவிடப் பேருந்து மலிவு. ஒருமுறை கட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளுக்கும் மாறிக்கொள்ளலாம்.

உடல்நலம்: அவசரத்துக்கு 999. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111. மருத்துவமனையில் படுக்கையில் சேர்த்தால் பார்வையாளரிடம் வழக்கமான செலவின் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள். எனவே காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அச்சுப் பட்டறை, உலோகப் பட்டறை வகுப்புகளுக்கு மூடிய ஷூ அணியுங்கள், தலைமுடியைக் கட்டுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள்.

திரும்பும் முன்

கடைசி இரண்டு நாளைப் புதிய இடங்களுக்கு ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே வரைந்த ஒரு பொருளிடம் திரும்பப் போய் மறுபடி வரையுங்கள். இரண்டு படங்களையும் ஆசிரியரிடம் காட்டி, அடுத்த ஆறு மாதத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மூட்டை கட்டும் வேலை. பென்சில், கரிப் படங்களுக்கு நடுவே வெண்ணெய்த்தாள் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து, அன்றே மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்புங்கள். பெரிய தாள்களை உருட்டி அட்டைக் குழாயில் போட்டு, வெளியே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். கைப்பையோடு குழாயும் அனுமதியா என்று விமான நிறுவனத்திடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச்புக்குகள் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்கட்டும்.